கமராவின் முன்னால் நிற்கும் இயக்குநர்: லீனா மணிமேகலையின் படங்கள், யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

தமிழில் சுயாதீனப் படம் எடுக்கத் தொடங்கியவர்கள் பலர். ஒன்றிரண்டு படங்களோடு களைத்து ஒதுங்கியவர்களே அவர்களில் அதிகம். வணிகத் திரைத்துறைக்கு வெளியே நின்று இருபது ஆண்டுகள் படம் எடுத்து, அவற்றில் முக்கியமான சிலவற்றில் தாமே நடித்தும் இருக்கிற பெண் யார் என்று தேடினால் லீனா மணிமேகலையின் பெயர் முதலில் வருகிறது. தமிழ்நாட்டின் தென்மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர், கவிஞர். அவருடைய படங்களில் இரண்டு யாழ்ப்பாணத்தை நேரடியாகத் தொடுகின்றன. ஒன்று நமக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே கிடக்கும் கடலைப் பற்றியது. மற்றது கையில் புகைப்படத்துடன் நம் வீதிகளில் நிற்கும் பெண்களைப் பற்றியது. மூன்றாவது ஒன்றும் நம்மைப் பற்றியதுதான். ஆனால் அதை நாம் இன்னும் அப்படிப் பார்க்கவில்லை.

இங்கே கமராவைக் கையில் எடுக்கும் இளம்பெண்கள் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் ஊடகக் கற்கைகளிலிருந்து வருகிறவர்கள், குறும்படப் போட்டிகளுக்கு எடுக்கிறவர்கள், புலம்பெயர்ந்த உறவினர் அனுப்பிய கமராவை வைத்துக்கொண்டு தாமாகவே கற்றவர்கள். அவர்களுக்கு முன்மாதிரியாக வைக்கப்படும் பெயர்கள் பெரும்பாலும் வெற்றிக் கதைகளாகச் சுருக்கப்பட்டவை: விருது, விழா, வெளிநாடு. அப்படிச் சுருக்கினால் லீனாவின் பயணத்திலிருந்து கற்க எதுவும் மிஞ்சாது. ஆகவே அவருடைய படங்களை ஒரே கேள்வியை வைத்துப் பார்க்கிறேன். கமராவின் முன்னால் யார் நிற்கிறார், படம் வெளியான பிறகு அதன் விளைவை யார் சுமக்கிறார்?

மற்றவர்களின் முகங்கள்

தொடக்க காலப் படங்கள் ஆவணப்படங்கள். முதலில் வந்த ‘மாத்தம்மா’, அரக்கோணப் பகுதியில் அருந்ததியர் சமூகத்துச் சிறுமிகளைத் தெய்வத்துக்கு நேர்ந்துவிடும் வழக்கத்தைப் பதிவுசெய்தது. அதன்பின் வந்த ‘பறை’ தலித் பெண்கள்மீது நடத்தப்பட்ட வன்முறையைப் பேசியது. 2007இல் ‘தேவதைகள்’. இதில் மூன்று பெண்கள். ஒருவர் இராமேசுவரத்தில் கடலுக்குப் போகிறவர். இன்னொருவர் இழவு வீடுகளில் ஒப்பாரி பாடுகிறவர். மற்றவர் உரிமை கோர யாருமில்லாத பிணங்களைப் புதைக்கிறவர். மும்பைச் சர்வதேச விழாவில் இந்தப் படத்துக்குத் தங்கச் சங்கு விருது கிடைத்தது.

இந்தக் காலத்துப் படங்களை நான் விரைவாகக் கடந்து போகிறேன். அவை குறைந்தவை என்பதற்காக அல்ல. அவற்றின் முறை நமக்குப் பழக்கமானது: வெளியிலிருந்து ஒருவர் வருகிறார், ஒடுக்கப்பட்டவரின் வாழ்வைப் பதிவுசெய்கிறார், அந்தப் பதிவு நகரங்களுக்கும் விழாக்களுக்கும் போகிறது. போருக்குப் பிறகு வடக்கில் எடுக்கப்பட்ட ஆவணப்படங்களில் பெரும்பகுதி இந்த வழியில்தான் எடுக்கப்பட்டது. எத்தனை கமராக்கள் வந்தன, எத்தனை பேர் திரும்பி வந்து படத்தைக் காட்டினார்கள் என்று வன்னியில் எந்தக் கிராமத்திலும் கேட்டுப் பார்க்கலாம்.

‘தேவதைகள்’ படத்தில் ஒரு மாற்றம் தெரிகிறது. அந்த மூன்று பெண்களும் பரிதாபத்துக்குரியவர்களாக வரவில்லை. கடலுக்குப் போகிறவர் ஏசுகிறார், சிரிக்கிறார், கமராவை அதட்டுகிறார். இயக்குநர் அந்த அதட்டலை வெட்டாமல் விட்டிருக்கிறார். தம்மைப் பார்க்கிறவரைத் திருப்பிப் பார்க்கும் உரிமை படம் எடுக்கப்படுகிறவருக்கு உண்டு என்ற புரிதல் அங்கே தொடங்குகிறது. அந்தக் கடற்கரையிலிருந்தே அடுத்த படமும் பிறக்கிறது.

செங்கடல்

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. கடல் கொண்டுபோனது போக எஞ்சிய ரயில் நிலையமும் இடிந்த தேவாலயச் சுவர்களும் இன்றும் அங்கே நிற்கின்றன. அங்கிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீற்றர் அளவுதான். 1983க்குப் பிறகு படகேறிய நம் மக்களில் பலர் முதலில் கால் வைத்த மணல் அது. மண்டபம் அகதி முகாமின் பெயர் தெரியாத குடும்பம் வடக்கில் எத்தனை இருக்கும்? 1974, 1976 ஒப்பந்தங்கள் அந்தக் கடலின் நடுவே கோடு கிழித்தன. கச்சதீவு இந்தப் பக்கம் வந்தது. அதன்பின் கோட்டைத் தாண்டிய மீனவர் சுடப்படுவதும் பிடிபடுவதும் அன்றாடச் செய்தியாயின.

‘செங்கடல்’ இந்த இடத்தில் எடுக்கப்பட்ட கதைப்படம். தனுஷ்கோடி மீனவர்களும் அகதிகளும் அதில் நடித்தார்கள். எழுத்தில் லீனாவுடன் அல்லைப்பிட்டியைச் சேர்ந்த எழுத்தாளர் ஷோபாசக்தி பங்குகொண்டார். படத்தில் நடித்தும் இருக்கிறார். ஒளிப்பதிவு எம். ஜே. ராதாகிருஷ்ணன். மையத்தில் ஒரு பெண் வருகிறாள். மீனவரின் வாழ்வை ஆவணப்படமாக்க முயலும் இயக்குநர் அவள். பெயர் மணிமேகலை. நடித்தவர் லீனாவேதான்.

சொந்தப் பெயரில், சொந்தத் தொழிலில், சொந்த முகத்தோடு ஒரு பாத்திரம். இதைத் தற்பெருமை என்று சொன்னவர்கள் உண்டு. அந்தக் குற்றச்சாட்டை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பிணங்கள் கரையொதுங்கும் கடற்கரையைப் பற்றிய படத்தில் இயக்குநரின் சங்கடத்துக்கு இத்தனை இடம் எதற்கு என்று கேட்பது நியாயமே. ஆனால் படத்தைக் கவனமாகப் பார்த்தால் அந்தப் பாத்திரம் பெருமைக்குரியதாக எழுதப்படவில்லை என்பது தெரியும். அவள் கேட்கும் கேள்விகளுக்கு மீனவர்கள் சலிப்போடு பதில் சொல்கிறார்கள். நீ படமெடுத்து எங்களுக்கு என்ன ஆகப்போகிறது என்ற கேள்வி அவளைச் சுற்றியே நிற்கிறது. அதற்கு அவளிடம் பதில் இல்லை. தேர்ந்த நடிகை ஒருவர் இந்தப் பாத்திரத்தை ஏற்றிருந்தால் அந்தத் தடுமாற்றம் நடிப்பாகப் போயிருக்கும். லீனாவின் நடிப்பு சில இடங்களில் இறுக்கமாகத்தான் இருக்கிறது. குறிப்பாக வீட்டுக்குள் நடக்கும் காட்சிகளில் வசனம் ஏட்டிலிருந்து வருகிறது. கடற்கரையில், தொழிலாளர் நடுவே நிற்கும்போது அந்த இறுக்கமே பொருத்தமாகிவிடுகிறது. அவள் அங்கே அந்நியள். அது முகத்தில் தெரிகிறது.

இயக்குநரே நடிப்பதற்கு நடைமுறைக் காரணங்களும் உண்டு, அவற்றை மறைக்க வேண்டியதில்லை. பணமில்லாத படத்தில் முதன்மை நடிகையின் ஊதியம் மிச்சம். கடலின் தயவுக்கும் அதிகாரிகளின் தயவுக்கும் காத்திருக்கும் படப்பிடிப்பில் நாட்கள் தள்ளிப்போனால் இயக்குநர் எப்போதும் அங்கேயே இருப்பார். சுயாதீனப் படம் எடுத்த எவருக்கும் இது தெரியும்.

படம் முடிந்ததும் அதிகாரத்தின் பதில் வந்தது. சென்னைத் தணிக்கை அலுவலகம் சான்றிதழ் தர மறுத்தது. இந்திய, இலங்கை அரசுகளை இழிவுபடுத்துகிறது என்பது முக்கியக் காரணம். லீனா மேல்முறையீடு செய்தார். 2011 யூலையில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வெட்டு எதுவுமின்றி அனுமதித்தது. அதே ஆண்டு இந்தியச் சர்வதேசத் திரைப்பட விழாவின் இந்தியப் பனோரமாப் பிரிவுக்குப் படம் தேர்வானது. அந்தத் தீர்ப்பாயத்தை இந்திய அரசு 2021இல் கலைத்துவிட்டது. இன்று அப்படியொரு படம் மறுக்கப்பட்டால் இயக்குநர் நேரே உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாத ஒருவருக்கு அதன் பொருள் என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி இந்தக் கரையிலிருந்து ஒரு பார்வை. இதைச் சொல்லாவிட்டால் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுவதில் பொருளில்லை.

‘செங்கடல்’ காட்டும் கடலில் ஒரு பகுதி இல்லை. போர்க்காலத்தில் நம் கடற்றொழிலாளருக்கு நேரக் கட்டுப்பாடு, தூரக் கட்டுப்பாடு, இயந்திர வலுக் கட்டுப்பாடு, பாஸ் என்ற அனுமதிச்சீட்டு நடைமுறை எல்லாம் இருந்தன. மயிலிட்டித் துறைமுகம் 1990இல் இராணுவத்திடம் பறிபோய் 2017 யூலையில்தான் திரும்பக் கிடைத்தது. நம் தொழிலாளர் கரையில் முடங்கிய அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் தடையின்றி வந்து போயின. 2009க்குப் பிறகு நம்மவர் கடலுக்குத் திரும்பியபோது வலைகள் அறுபட்டன, கடலடி வழிக்கப்பட்டிருந்தது. வாரத்தில் மூன்று நாள் அவர்கள் வரும் நாள், அந்த நாளில் வலை போடாதே என்று குருநகரிலும் பருத்தித்துறையிலும் பேசிக்கொள்ளும் நிலை வந்தது. 2017இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடி மீன்பிடியைச் சட்டத்தால் தடைசெய்தது. படகுகள் நிற்கவில்லை.

படம் எடுக்கப்பட்டது இந்த மோதல் வெளியே தெரியத் தொடங்கிய தறுவாயில். தனுஷ்கோடியிலிருந்து பார்த்தால் எதிரே தெரிவது கடற்படையின் துப்பாக்கி மட்டுமே. அதே கடலில் வலையை இழந்து நிற்கும் இன்னொரு தமிழன் அந்தச் சட்டகத்தில் இல்லை. இதை லீனாவின் குறையாக நான் எழுதவில்லை. நாட்டுப்படகில் போகிற தனுஷ்கோடி மீனவரும், பெரு முதலாளியின் இழுவைப்படகில் கூலிக்குப் போகிறவரும் ஒருவரல்ல என்பதையும் நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். படம் முன்னவரைப் பற்றியது. ஆனால் அந்தக் கதையின் மறுபாதியைச் சொல்ல வேண்டிய படம் பேசாலையிலிருந்தோ வடமராட்சியிலிருந்தோ வந்திருக்க வேண்டும். இன்றுவரை வரவில்லை. கடற்றொழிலாளர் குடும்பத்துப் பெண் ஒருத்தி எடுத்தால் அது எப்படி இருக்கும் என்று நான் அடிக்கடி எண்ணுவதுண்டு. வலை அறுந்த அன்று அடகுக்கடைக்குப் போகிறவள் அவள்தான்.

வெள்ளை வான்

2013இல் வந்த ‘வெள்ளை வேன் கதைகள்’ லீனாவின் படங்களில் நமக்கு மிக நெருக்கமானது, மிகவும் தொந்தரவு தருவதும் அதுவே. வடக்கிலும் கிழக்கிலும் தெற்கிலும் வெள்ளை வான்களில் கடத்தப்பட்டும் வேறு வழிகளிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பத்துப் பெண்கள் பேசுகிறார்கள். பொதுநலவாய மாநாடு கொழும்பில் நடந்த 2013 நவம்பரில் பிரித்தானியாவின் சனல் 4 அதன் பகுதிகளை ஒளிபரப்பியது.

அந்த மாதத்தை இங்கிருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். நவம்பர் 15ஆம் திகதி பிரித்தானியப் பிரதமர் டேவிட் கமரூன் யாழ்ப்பாணம் வந்தார். பொது நூலகத்துக்கு வெளியே காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் படங்களோடு திரண்டார்கள், பொலிசார் தடுத்தார்கள், தாய்மார் வாகனங்களை நோக்கி ஓடினார்கள். கமராக்கள் நிறைய இருந்தன. அவை போன பிறகு அந்தப் பெண்கள் பஸ் ஏறி முல்லைத்தீவுக்கும் கிளிநொச்சிக்கும் மன்னாருக்கும் திரும்பினார்கள். அடுத்த நாள் யார் வீட்டுக்கு வந்து விசாரித்தார்கள் என்பது எந்த ஒளிபரப்பிலும் வரவில்லை.

இந்தப் படத்தில் லீனாவின் முகம் முன்னால் இல்லை. பேசுகிறவர்களின் முகம் இருக்கிறது, குரல் இருக்கிறது, வீடு இருக்கிறது. இராணுவக் கண்காணிப்பு மிகக் கடுமையாக இருந்த காலத்தில் மறைவாக எடுக்கப்பட்ட படம் இது. எடுத்தவருக்கும் ஆபத்து இருந்தது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் எடுத்தவர் இந்தியக் கடவுச்சீட்டோடு திரும்பிப் போகக்கூடியவர். பேசியவர்கள் இங்கேயே இருக்க வேண்டியவர்கள். என் முதற்கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது.

அந்தப் பெண்களின் முகத்தை மறைத்திருக்க வேண்டுமா? நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். நான் உடன்படவில்லை. முகத்தை மறைத்தால் அவர்கள் பாதுகாக்கப்பட்டவர்களாகிவிடுவதில்லை. கிராம அலுவலருக்கும் புலனாய்வாளருக்கும் அவர்களை ஏற்கெனவே தெரியும். மறைப்பதால் உலகத்துக்கு மட்டும்தான் தெரியாமல் போகும். இந்தத் தாய்மார் தங்கள் முகத்தைக் காட்டுவதையே தங்கள் வழியாகத் தேர்ந்தெடுத்தவர்கள். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டம் அதற்குச் சான்று. வெயிலிலும் மழையிலும், ஆண்டுகள் கடந்தும், பிள்ளையின் படத்தை ஏந்தி, தம் முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவர்கள் கொட்டகையில் அமர்ந்தார்கள். 2016 சட்டத்தின்கீழ் காணாமல் போனோர் அலுவலகம் வந்தது, பதில் வரவில்லை. அந்தக் கொட்டகையில் இருந்த பல தாய்மார் பதில் அறியாமலே இறந்துவிட்டார்கள்.

ஆகவே சிக்கல் முகத்தைக் காட்டியதில் இல்லை. படம் எடுத்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் இருக்கிறது. படத்தில் பேசியவருக்கு நாளை அச்சுறுத்தல் வந்தால் யாருக்குத் தொலைபேசி எடுப்பார்? இயக்குநருக்கும் ஒளிபரப்பாளருக்கும் அங்கே என்ன கடமை? இந்தக் கேள்வி லீனாவுக்கு மட்டும் உரியதல்ல. வெளியிலிருந்து வந்து படம் எடுத்த அனைவருக்கும் உரியது. உள்ளூரில் இருந்துகொண்டு எடுக்கிற நமக்கும் உரியது. நம்மிடமிருந்து அந்தத் தாய்மாரின் வீடு இரண்டு மணி நேரப் பஸ் பயணத்தில் இருக்கிறது, நாம் போவதில்லை.

மாடத்தி

2019இல் தென்கொரியாவின் பூசான் திரைப்பட விழாவில் முதலில் காட்டப்பட்டு, 2021 யூனில் நீஸ்ட்ரீம் இணையத் திரைத்தளத்தில் வெளியான ‘மாடத்தி’, கைவேலையாகப் பார்த்தால் லீனாவின் மிகச் சிறந்த படம் என்பது என் முடிவு. பொதுமக்களிடம் நிதி திரட்டி எடுத்தார். இதில் அவர் நடிக்கவில்லை. சட்டகத்திலிருந்து விலகியதும் காட்சிகளுக்கு ஒரு மூச்சு வந்திருக்கிறது. காடும் ஆறும் பெண்ணுடலும் அவசரமின்றி நகர்கின்றன.

கதை புதிரை வண்ணார் குடும்பம் ஒன்றைப் பற்றியது. தலித் மக்களின் துணிகளை, தீட்டுத் துணிகளை, இழவு வீட்டுத் துணிகளை வெளுக்கும் சமூகம். அவர்கள் பிறர் கண்ணில் படவே கூடாது என்பது விதி. ஊர்க்காரர் வரும் ஓசை கேட்டதும் தாயும் மகளும் புதருக்குள் ஒளிகிறார்கள். வளர்ந்துவரும் அந்த மகள் ஒளிய மறுக்கிறாள். அவளுக்கு நேர்வது கொடுமை. பின்னர் அவள் தெய்வமாகிறாள். உயிரோடு இருக்கையில் பார்க்கக் கூடாதவள் செத்த பிறகு கும்பிடப்படுகிறாள்.

தமிழ்நாட்டுச் சாதிக்கொடுமை என்று சொல்லி யாழ்ப்பாணத்தவர் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட நினைக்கலாம். முடியாது. துரும்பர் என்று இங்கே அழைக்கப்பட்ட மக்களின் வரலாற்றை யாழ்ப்பாணச் சாதியமைப்பை ஆராய்ந்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். ஒடுக்கப்பட்டவர்களுக்குத் துணி வெளுத்தவர்கள் அவர்கள். பகலில் வெளியே வரக்கூடாது. இரவில் போகும்போதும் பனையோலையை இழுத்துச் செல்ல வேண்டும், அந்தச் சரசரப்பைக் கேட்டு மற்றவர்கள் விலகிக்கொள்வார்கள். காணவும் கூடாதவர்கள் என்ற கொடுமை பாளையங்கோட்டைச் சீமைக்கு மட்டும் சொந்தமானதல்ல, நம் குச்சொழுங்கைகளுக்கும் சொந்தமானது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நுழைவுரிமை கேட்டவர்கள் எப்படித் தடுக்கப்பட்டார்கள் என்பதைக் கண்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். போர் அந்தப் பேச்சை அடக்கியது. போர் முடிந்தும் நாம் அதைத் திரும்ப எடுக்கவில்லை.

யாழ்ப்பாணச் சமூகத்தைக் கண்ணாடி முன் நிறுத்திய படங்களுள் முக்கியமானது ‘பொன்மணி’. 1977இல் வந்தது, கதை யாழ்ப்பாணத்துச் சீதனத்தையும் சாதியையும் பற்றியது. இயக்கியவர் சிங்களவரான தர்மசேன பத்திராஜ. எழுதியவர் காவலூர் இராசதுரை. மக்கள் அதை ஏற்கவில்லை. நம் உள்வீட்டுக் கதைகளை வெளியார் எடுத்தால் கோபிக்கிறோம், நம்மவர் எடுக்க முயன்றால் தடுக்கிறோம் என்ற முடிவுக்கு வர எனக்கு விருப்பமில்லை. ஆனால் சான்றுகள் அந்தப் பக்கமே சாய்கின்றன.

காளி, தொரன்ரோ வீதியில்

2022 யூலையில் நடந்தது உலகறிந்த செய்தி. கனடாவில் முதுநிலைப் படிப்பில் இருந்த லீனா, ஒரு பல்கலைக்கழகத் திட்டத்துக்காக ‘காளி’ என்ற சிறிய படத்தை எடுத்தார். மாலை நேரத்தில் தொரன்ரோ நகரத் தெருக்களில் காளி நடந்து திரிகிறாள். காளி லீனாவேதான். சுவரொட்டியில் காளி புகைபிடிக்கிறாள், கையில் வானவில் கொடி. சில நாட்களுக்குள் இந்தியாவின் பல இடங்களில் பொலிஸ் முறைப்பாடுகள் பதிவாயின. இந்தியத் தூதரகம் தலையிட்டது. படத்தைக் காட்டிய ஆகா கான் அருங்காட்சியகம் வருத்தம் தெரிவித்து விலக்கிக்கொண்டது. கொலை மிரட்டல்கள் வந்தன. 2023 சனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் கைது நடவடிக்கைகளிலிருந்து இடைக்காலப் பாதுகாப்பு வழங்கியது. பின்னர் வழக்குகள் டெல்லிக்கு மாற்றி ஒன்றாக்கப்பட்டன.

சுவரொட்டியைப் பற்றிய வாதத்தை நான் இங்கே நீட்டவில்லை. பார்த்துப் புண்பட்டவர்கள் யாழ்ப்பாணத்திலும் உண்டு. அவர்களுடைய பக்தியை நான் ஏளனம் செய்ய மாட்டேன். ஆனால் காளி குடிப்பதும் புகைப்பதும் நம் ஊர்த் தெய்வ வழிபாட்டுக்குப் புதிதல்ல. மடையில் சுருட்டும் சாராயமும் வைக்கும் வழக்கம் நம் கிராமத்துக் கோயில்களில் இருந்தது. அதை அகற்றி ஆகமமயமாக்கியதும் நம் காலத்து வரலாறுதான். நான் கவனிப்பது வேறு. இந்தப் படத்தில் விலை கொடுத்தவர் வேறெவருமல்ல, இயக்குநர்தான். அவர் வேறொரு நடிகைக்கு அந்த வேடத்தைப் பூசியிருந்தால் மிரட்டல்கள் அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கும். நிறுவனம் ஒரு நாளில் கைவிட்டது. அந்த இடத்தில் ஒரு கூலி நடிகை தனியே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

‘செங்கடல்’ படத்தில் தொடங்கிய பழக்கத்தின் முழுப் பொருள் எனக்கு இங்கேதான் துலங்குகிறது. இயக்குநர் தாமே நடிப்பது, தம் படத்துக்குத் தாமே பிணை நிற்பது. கலைக்கு அது எப்போதும் நன்மை செய்வதில்லை. ‘மாடத்தி’ அதற்குச் சாட்சி. ஆனால் பொறுப்பு எங்கே இருக்கிறது என்பதில் சந்தேகத்துக்கு இடம் வைப்பதில்லை.

இங்கே

யாழ்ப்பாணத்தில் இந்த முறையைக் கைக்கொள்ள முடியுமா?

மேடையேறும் பெண்ணுக்கு இங்கே நெடுங்காலம் இடமில்லை. இசை நாடகங்களில் சந்திரமதி வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். எண்பதுகளில் பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்து எழுந்த அரங்கு, குழந்தை ம. சண்முகலிங்கத்தின் நாடகங்களோடு, பெண்களுக்கு ஒரு வாசலைத் திறந்தது. திரையில் அந்த வாசல் இன்னும் ஒருக்களித்தே கிடக்கிறது. குறும்படத்தில் நடித்த பெண்ணுக்குக் கலியாணம் பேசும்போது அந்தக் குறும்படத்தின் சுட்டி மாப்பிள்ளை வீட்டாருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இதனால் இயக்க விரும்பும் பெண்கள் கமராவுக்குப் பின்னால் நிற்பதையே பாதுகாப்பாகக் கருதுகிறார்கள். நடிக்க வேறொரு பெண்ணைத் தேடுகிறார்கள். அவள் பெரும்பாலும் தன்னைவிட வசதி குறைந்த வீட்டுப் பெண். ஆபத்து கைமாறுகிறது. இதைப் பற்றி நம் பட்டறைகளில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

இயக்குநர் தம் முகத்தை வைத்தால் இங்கே என்ன நடக்கும் என்பதற்கு ஒரு சான்று நம்மிடம் இருக்கிறது. யூட் இரத்தினத்தின் ‘டீமன்ஸ் இன் பாரடைஸ்’ 2017இல் கான் விழாவில் காட்டப்பட்டது. அதில் இயக்குநரும் அவருடைய குடும்பத்தவரும் தாமாகவே வருகிறார்கள். தமிழ் இயக்கங்களின் உள்வன்முறையைப் பேசிய படம். 2018இல் யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவின் நிரலில் சேர்க்கப்பட்டு, எதிர்ப்பு எழுந்ததும் நீக்கப்பட்டது. சென்னை அலுவலகம் ‘செங்கடல்’ படத்தை மறுத்ததைக் கண்டித்த நாம், நம் நகரத்தில் ஒரு படத்தைப் பார்க்காமலே எதிர்த்தோம். எதிர்த்தவர்களின் வலியை நான் அறிவேன். அவர்கள் புதைத்த பிள்ளைகளும் உண்மை. என்றாலும் படத்தைப் பார்த்துவிட்டு மண்டபத்தில் எழுந்து நின்று ஏசியிருக்கலாம். அது விழாவுக்கும் பெருமை, ஏசுபவருக்கும் பெருமை.

இன்னொரு பாதையும் உண்டு. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சுமதி சிவமோகன் பேராசிரியராகப் பணியாற்றியபடியே படம் எடுத்தவர். 2013இல் வந்த ‘இங்கிருந்து’ மலையகத் தமிழர் பற்றியது. 1989 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் கொல்லப்பட்ட மருத்துவ விரிவுரையாளர் ராஜினி திராணகம அவருடைய சகோதரி. சம்பளமுள்ள ஒரு தொழில் கையில் இருப்பதால், யாருடைய ‘விழிப்புணர்வு’ நிதிக்கும் ஏற்பக் கதையை வளைக்கத் தேவையில்லை. லீனாவின் பாதையைவிட ஆரவாரம் குறைந்தது. படங்களுக்கிடையே ஆண்டுகள் கடக்கும். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நம் பெண்கள் பலருக்கு இதுவே எட்டக்கூடியது என்று நினைக்கிறேன்.

இந்தப் பயணத்தை ஆராய்ந்ததில் எனக்குச் செய்யத் தோன்றும் காரியம் ஒன்று உண்டு. ‘செங்கடல்’ படத்தைப் பல்கலைக்கழகத்தின் கைலாசபதி கலையரங்கில் மாணவர்களுக்குக் காட்டுவதோடு நிறுத்தாமல், குருநகரிலோ மயிலிட்டியிலோ கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தில் ஒரு மாலை திரையிட வேண்டும். தொழில் இல்லாத நாளாகப் பார்த்து வைக்க வேண்டும். பெண்கள் வரக்கூடிய நேரமாக இருக்க வேண்டும். பார்த்தவர்கள் சொல்வதை, கோபத்தோடு சொல்வதையும், அவர்கள் சம்மதத்துடன் பதிவுசெய்ய வேண்டும். அந்தப் பதிவை எடுக்கும் பெண் அந்தத் துறையைச் சேர்ந்தவளாக இருந்து, கேள்வி கேட்கும்போது தானும் சட்டகத்துக்குள் நிற்க வேண்டும். அதற்குத் தேவையான புரொஜெக்டரும் திரையும் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. சங்கங்களோடு பேச முன்வருகிறவர்கள் இருந்தால் இந்த வேலையை அடுத்த வாடைக்காற்றுக்கு முன்பே தொடங்கிவிடலாம்.